மூன்று விரல் சிவப்பு

காட்டுப்பள்ளி யார்டில் வேலை இல்லாத மாதங்களில்
வீட்டுச் சுவர்களுக்கு வந்துவிடுவேன்.
கப்பலுக்கு அடித்த கைக்குக்
கல்மண்டபத்து வீடு ஒன்றும் பெரிதில்லை.
ஏணியில் நின்றால் தரை தெரிகிறது, போதும்.

ஹில்டா மேடம் டெலிபோன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.
ஹாலுக்கு வெளிர் மஞ்சள், பாத்ரூம் கதவுக்கு நீல எனாமல்
என்று கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.
"படத்த மட்டும் நானே இறக்குறேன்."
முடியவில்லை. கட்டில் அகலம்.
ஆளுக்கொரு முனை பிடித்தோம்.

பழைய மெட்ராஸ் துறைமுகம்.
இரண்டு புகைபோக்கி வைத்த பயணிகள் கப்பல்,
காலடியில் சரக்குத் தோணிகள்,
மேல்தளத்தில் குடை பிடித்த துரைசானிகள்.
குடைக்குக் கீழே முகம் கிடையாது, ஆளுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.
புகை எண்ணூர் பக்கம் போகிறது,
கொடி சாந்தோம் பக்கம் பறக்கிறது.
எந்த ஊர்க் காற்றோ.

"அம்மா இதுலதான் ரங்கூன்லேர்ந்து வந்தாங்க."
ஆறு வயசு. யுத்தம்.
அடித்தளத்தில் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில்.
செகண்ட் லைன் பீச்சில் ஓர் ஏஜென்சி மூடி
ஏலம் விட்டபோது எழுபது ரூபாய்க்கு எடுத்தார்களாம்.
கப்பலின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
மூன்று வெள்ளைக் கீறல்கள்தான்.
அம்மா அதைப் படித்துவிட்டார்களாம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"காலிக் கப்பல்மா இது" என்றேன்.

தண்ணீருக்கு மேலே மூன்று விரல் சிவப்பு.
உள்ளே முழுகியிருக்க வேண்டிய பெயிண்ட் அது.
ஆளும் சரக்கும் ஏற ஏற மறையும்.
இவ்வளவு தெரிந்தால்
எலிகூட ஏறவில்லை என்று அர்த்தம்.
பதினொரு வருஷமாய் அந்தச் சிவப்பைத்தான் அடிக்கிறேன்.

குக்கர் விசில் அடித்தது. யாரும் போகவில்லை.
மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
போட்டுக்கொண்டு குனிந்தார்.
"அப்போ ஏறவே இல்லையா?"
"ஏறியிருப்பாங்கம்மா. வரைஞ்சவன் ஏத்தல."

மறுநாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு
பாக்கிக் கணக்குக் கேட்பதுபோல் கேட்டார்:
"கப்பல அமுக்க முடியாது. தண்ணிய ஏத்தலாம் இல்ல?"

கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலம்,
கொஞ்சம் சுவர் மஞ்சள், ஒரு சொட்டுக் கருப்பு.
கலக்கக் கலக்கக்
காசிமேட்டுத் தண்ணீர் தானாக வந்தது.
அரை அங்குல பிரஷ்ஷால்
கப்பல் ஓரமாகக் கடலை ஏற்றினேன்.
ஒரு விரலுக்கு நூறு பேர் இருக்கும்.
இரண்டாவதில் டிரங்குப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின்,
கோழியோடு கூடை.
மூன்றாவதில் சிவப்பு போய்விட்டது.
பக்கத்துத் தோணியில் நின்றவனுக்கு
முழங்கால் வரை நனைந்தது. அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இன்னும்" என்றார்.
கறுப்பில் ஒரு கோடு ஏறினேன்.
"இன்னும்."
"இதுக்கு மேல போட்டா முழுகிடும்மா."
"அவ்ளோ கூட்டம்னு சொல்வாங்க" என்றவர்
கொஞ்சம் கழித்து, "சரி, விடு."

பில்லில் எழுதினேன்: ஹால், கதவு, ஜன்னல் கம்பி.
கடலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.
இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தது கவரில்.

திங்கட்கிழமை யார்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.
பலகையில் தொங்கிக்கொண்டு
ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறும் வெள்ளை எண்களை ஒட்டி
ரோலர் உருட்டுகிறேன்.
சரக்கோடு கடலில் இறங்கிவிட்டால்
இதில் ஒரு சாண்கூட வெளியே தெரியாது.
தெரிந்தால்தான் தப்பு.

கல்மண்டபத்தில்,
என் நீலத்துக்கு அடியில்,
எவனோ அடித்த மூன்று விரல் சிவப்பு
இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.